போறணை இல்லாமல் எஞ்சின் பெயின்டைச் சூடேற்றி இறுக்குவது எப்படி?

ஹட்டனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவின் பழைய ஹோண்டா சிடி 125 பைக்கின் எஞ்சினை இறக்கிக் கழுவி வைத்திருக்கிறாராம். வாங்கிய கறுப்பு எஞ்சின் எனாமல் டின்னில், அடித்த பிறகு 200 டிகிரி பாரன்ஹீட்டில் 20 நிமிடம் சூடாக்கச் சொல்லியிருக்கிறது. வீட்டில் போறணை இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. சூடாக்காமல் விட்டால் என்ன, விறகடுப்பில் காட்டலாமா, வேறு வழி உண்டா என்கிறார். சைலன்சர் பைப்பையும் அதே டின்னால் அடித்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

போறணை வேண்டாம் தம்பி. 200 பாரன்ஹீட் என்பது 93 டிகிரி செல்சியஸ்தான். எஞ்சினைப் பூட்டி ஓட்டினாலே பெரும்பாலான இடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். வராத இடங்களுக்குச் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னும் ஒரு தகரப் பீப்பாயும் போதும். ஆனால் நம் பக்கத்தில் எஞ்சின் பெயின்ட் உரிந்து வருவதைப் பார்த்தால், பத்தில் எட்டு எஞ்சினில் சூடு போதாதது காரணமாக இருக்காது. பெயின்டுக்கு அடியில் ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கும். அதனால் அடிப்பதற்கு முந்திய வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன பெயின்ட் என்று தெரிய வேண்டும். எஞ்சின் எனாமல் என்று வருவது காற்றிலேயே காயும். ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். சூடு பட்டால்தான் அதன் பிசின் முழுதாக இறுகி, பெட்ரோலும் ஒயிலும் பட்டாலும் கரையாத நிலைக்கு வரும். சூடாக்காமல் விட்டால் உரிந்து கொட்டிவிடாது. ஆனால் கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் வழிந்த அன்றைக்கு அந்த இடம் இளகி, துடைக்கிற துணியோடு வந்துவிடும். சைலன்சருக்கு என்று விற்கிற சிலிக்கன் பெயின்ட் வேறு சாதி. அது சூடு காணும் வரை நகத்தால் கீறினாலே வரும். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் படிப்படியாக ஏற்றினால்தான் பிடிக்கும். மூன்றாவது, ஹாட்னர் கலந்து அடிக்கிற இரண்டு பாகப் பெயின்ட். அதற்குச் சூடே வேண்டாம், கலவையே இறுக்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஹாட்னரில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் கெடுதி செய்கிற இரசாயனம் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க்கோடு வீட்டில் அடிக்கிற பொருள் அது இல்லை. பெயின்டைப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்குகிற பவுடர் கோட்டிங்குக்கு 180, 200 டிகிரி சீராக வேண்டும், அதை வீட்டில் நினைக்கவே வேண்டாம்.

இனி ஈரம். ஹட்டன் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரம். காலையில் காற்று 18 டிகிரி, ஈரப்பதன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற சூடு, 16 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். இரவு முழுக்க இஸ்தோப்பில் கிடந்த எஞ்சின் 15 டிகிரியில் இருந்தால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஏற்கெனவே படிந்திருக்கும். அதற்கு மேலேதான் பெயின்ட் போய் உட்காருகிறது. போதாக்குறைக்கு, ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது உலோகத்தை இன்னும் குளிர்விக்கும். கறுப்பு அடித்த இடம் சில நிமிடத்தில் சாம்பல் பூத்தது மாதிரி வெளுத்துப் போவது இதனால்தான். கடைக்காரர் டின்னைக் குறை சொல்வார், பெயின்ட் அடித்தவர் கடைக்காரரைக் குறை சொல்வார். இரண்டு பேரிடமும் குற்றம் இல்லை.

பெயின்ட் வேலையில் உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு ஒன்று உண்டு: உலோகம் பனிநிலையை விட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதன் மானி இல்லையென்றால், ஈரத் துணியால் உலோகத்தில் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அது தானாகக் காயவில்லை என்றால் அன்றைக்குப் பெயின்ட் வேண்டாம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடாது. அந்த மாதங்களில் வெளியில் வைத்து அடிப்பது வீண் வேலை. இந்தப் பக்கம் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலை பத்தில் இருந்து பிற்பகல் இரண்டுக்குள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக்கு இது தலைகீழ். அங்கே டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவ மழை. நாம் நனைந்துகொண்டிருக்கிற ஜூன், ஜூலையில் அவர்களுக்குக் காய்ந்த காற்று அடிக்கும். ஊவாப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் எஞ்சினைச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றிவிடலாம் என்று சிரிப்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

காத்திருக்க முடியாது என்றால் உலோகத்தைச் சூடாக்கிவிட்டு அடியுங்கள். ஹீட் கன்னால் எல்லாப் பக்கமும் 40, 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும். கை வைத்தால் சுடும், ஆனால் உடனே எடுக்கத் தோன்றாது. ஹீட் கன்னை நிறுத்தித் தள்ளி வைத்த பிறகுதான் ஸ்பிரேயைக் கையில் எடுக்க வேண்டும். டின்னுக்குள் இருக்கிற வாயு தீப்பிடிக்கும். டின்னையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தினால் தூறல் மெல்லியதாக வரும். கொதிநீர் கூடாது, 50 டிகிரிக்கு மேல் டின் போகக் கூடாது, வெடிக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவது அதைவிடப் பைத்தியக்காரத்தனம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். மண்ணெண்ணெயில் கழுவியதோடு சுத்தம் முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு சவர்க்காரத் தூளும் வெந்நீரும், அப்புறம் நல்ல தண்ணீர், கடைசியில் வெள்ளைத் துணியில் தின்னர். துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடைக்க வேண்டும். கோஸ்டிக் சோடா போட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

வார்த்த அலுமினியத்தில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. பல வருட ஒயில் அதற்குள் ஊறிக் கிடக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும், பெயின்ட் அடித்துச் சூடாக்குகிற நேரத்தில்தான் அது வேர்த்து வெளியே வரும். வந்தால் பெயின்டைத் தூக்கிவிடும். அதனால் பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகமாக ஒரு தடவை 100 டிகிரி வரை சூடாக்குங்கள். வேர்த்து வருகிற ஒயிலை ஆறிய பின் தின்னரால் துடையுங்கள். மீண்டும் ஒருமுறை. பழைய எஞ்சினில் இரண்டாம் முறையிலும் துணி மஞ்சளாக வரும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கேஸ்கட், ஒயில் சீல் எங்காவது கசிந்தால் அதை மாற்றாமல் பெயின்டைத் தொடவே வேண்டாம்.

சொரசொரப்புக்கு 180 அல்லது 220 எமரி பேப்பர் போதும், சிலிண்டரைக் குளிர்விக்கிற ஃபின் தகடுகளின் இடுக்குகளுக்குக் கம்பி பிரஷ். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் நல்லது. ஆனால் எஞ்சின் எனாமலோடு போகிற, சூடு தாங்குகிற பிரைமராக இருக்க வேண்டும். கதவுக்கு அடிக்கிற சாம்பல் பிரைமர் சிலிண்டரில் நிற்காது. பொடி மக்கு பூசி ஓட்டை அடைப்பதும் வேண்டாம். பெயின்ட் மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். எல்லாப் பூச்சையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பாதி காய்ந்த மறுநாள் மேலே அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி எழும்பும். ஃபின்களில் தடிப்பாக அடிப்பது அழகுக்கும் கேடு, குளிர்ச்சிக்கும் கேடு. அடித்து முடித்ததும் ஒரு நாள் முழுக்கச் சும்மா விடுங்கள். கரைப்பான் உள்ளே இருக்கும்போதே சூடாக்கினால் கொப்புளம் வரும்.

இப்போது சூடு. டின்னில் சொன்ன 93 டிகிரி காற்றின் சூடு இல்லை, உலோகத்தின் சூடு. 20 நிமிடக் கணக்கும் உலோகம் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. இருபது கிலோ அலுமினியத்தை 18 டிகிரியில் இருந்து 95க்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 1,400 கிலோ ஜூல் வேண்டும். 500 வாட் வெப்பம் சிந்தாமல் உலோகத்துக்குள் போனாலும் அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஹீட் கன்னை நாலு தடவை ஆட்டிவிட்டு இருபது நிமிடம் முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சூட்டை எப்படி அளப்பது? அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் கன் இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் வெறும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். பெயின்ட் அடித்த இடத்தில் பிடித்தால்தான் நம்பலாம். அது இல்லாதவர்களுக்கு மலைநாட்டில் ஒரு வசதி இருக்கிறது. தண்ணீர் கொழும்பில் 100 டிகிரியில் கொதிக்கிறது, ஹட்டனில் 96 அளவில், நுவரெலியாவில் 94 அளவில். பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சும்மா பரவி மெல்லக் காய்ந்தால் சூடு போதாது. குமிழிட்டுச் சீறி மறைந்தால் 93ஐத் தாண்டிவிட்டது, கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கலாம். சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினால் 200 டிகிரியை நெருங்குகிறது. பெயின்ட் தாங்கினாலும் பக்கத்தில் இருக்கிற ரப்பர் சீல்கள் தாங்காது, நிறுத்துங்கள்.

எஞ்சினைப் பூட்டி ஓட்டி இறுக்குவதுதான் எளிய வழி. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐட்லில் விட்டு நிறுத்தி, கை வைக்கிற அளவுக்கு முழுதாக ஆற விடுங்கள். அடுத்து பத்து நிமிடம், மறுபடி ஆறட்டும். மூன்றாவது முறை ரோட்டில் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் ஓட்டுங்கள். காற்றில் குளிர்கிற எஞ்சினை நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓட விடக் கூடாது. காற்றோட்டம் இல்லாமல் ஹெட் அளவுக்கு மேல் சூடாகும். முதல் சூட்டில் புகையும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். குளிருக்குக் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு வாடை இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மாமாவின் எஞ்சினுக்குப் புதிய பிஸ்டன் ரிங் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் மேலே சொன்ன ஐட்லிங் உங்களுக்குப் பொருந்தாது. புது ரிங் சிலிண்டரோடு பழகுவதற்குச் சுமை வேண்டும். சும்மா ஐட்லில் விட்டால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி, பிறகு எஞ்சின் ஒயில் குடிக்கும். பெயின்டுக்காக எஞ்சினைக் கெடுப்பது நியாயமா? ஸ்டார்ட் ஆனதும் ரோட்டுக்கு எடுங்கள். ஹட்டனில் இருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோடு இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. அரை திரொட்டிலில், கியரை மாற்றி மாற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஏறி ஓர் இடத்தில் நிறுத்தி ஆற விடலாம். வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் சூட்டில் இருக்கிற பெயின்டின் மேல் மழை கொட்டினால் வெடிப்பு விழலாம்.

இந்த வழியில் எல்லா இடமும் ஒரே சூட்டுக்கு வராது. ஹெட்டில் ஸ்பார்க் பிளக் பக்கம் 150 டிகிரியைத் தாண்டும், சிலிண்டர் அதைவிடக் குறைவு, கீழே கிராங்க் கேஸும் பக்கக் கவர்களும் ஒயிலின் சூட்டில்தான் நிற்கும். அது 80, 100 டிகிரிதான், குளிரான நாளில் இன்னும் கீழே. ஹெட்டும் சிலிண்டரும் தானாக இறுகிவிடும். கிளச் கவர், மெக்னட் கவர் போன்றவற்றைத் தனியாகச் சூடாக்கிப் பூட்டுவது நல்லது.

அதற்குத்தான் பீப்பாய். 200 லீற்றர் இரும்புப் பெரலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் போதும். முன்பு என்ன இருந்த பெரல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், தின்னர் இருந்த பெரலை வெட்டவே கூடாது. உள்ளே செங்கல்லில் கம்பி வலை வைத்து, அதன் மேல் கவர்களை ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். கீழே பக்கவாட்டில் ஒரு துளை, ஹீட் கன்னின் வாய் நுழைகிற அளவு. மேலே விரல் நுழைகிற துளை ஒன்று, புகை போக. ஹீட் கன் காற்று நேராகப் பெயின்டில் மோதாதபடி இடையில் ஒரு தகரத் துண்டை நிறுத்துங்கள், அதன் வாயில் 300 டிகிரிக்கு மேல் வரும். வெளியே பழைய சாக்கைச் சுற்ற நினைப்பீர்கள், தீப்பிடிக்கும். கண்ணாடி நார் கிடைத்தால் சுற்றலாம், இல்லையென்றால் காற்றுப் படாத மூலையில் வைத்தால் போதும். கையில் கன் இல்லாதவர்கள் 500 வாட் ஹலோஜன் ஃபிளட் லைட்டை வைத்தும் சின்னக் கவர்களை இறுக்கலாம், நேரம்தான் கூடும்.

கரண்ட் விஷயத்தில் கவனம். 2,000 வாட் ஹீட் கன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக்கில் அடப்டர் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் வயர் உருகும். பழைய லயத்து வயரிங்கில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு காம்பிராவில் பிடிக்கிற தீ அந்தக் காம்பிராவோடு நிற்காது. நல்ல வயரிங் உள்ள கராஜில் அரை நாள் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

விறகடுப்பைக் கேட்டீர்கள். விறகுப் புகையில் கரியும் ஈரமும் இருக்கின்றன, இரண்டும் இறுகாத பெயின்டில் ஒட்டும். கேஸ் அடுப்பும் எரியும்போது நீராவியை விடும். கரைப்பான் வாடை மிச்சம் இருந்தால் தீயும் பற்றும். ஆனால் ஒரு நாள் காய்ந்த கவர்களைப் புகை அடங்கிய கரித்தணலின் மேல், நடுவில் தடித்த இரும்புத் தட்டு வைத்து, அதே பெரலால் மூடி, வெளியில் வைத்துச் சூடாக்கலாம். தணலைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைப் பிடிக்கிற பக்குவம் நம் வீட்டுப் பெண்களுக்கு நம்மைவிட அதிகம், கேட்டுச் செய்யுங்கள். வீட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

பேக்கரிப் போறணையில் வேலை முடிந்த சூட்டில் வைத்துத் தரச் சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நாளைக்குப் பாண் சுடுகிற இடம், வேண்டாம். தேயிலைப் பெக்டரி டிரையரும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், கொழுந்தைக் காய வைக்கிற டிரையரில் உள்ளே போகிற காற்று 95 டிகிரி அளவு, தூள் உள்ளே இருக்கிற நேரம் இருபது நிமிடம் அளவு; டின்னில் போட்ட கணக்கேதான். அதற்காக டீமேக்கரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அவருடைய வேலை போய்விடும்.

சைலன்சர் பைப்புக்கு அந்த டின் சரிவராது. ஹெட்டில் இருந்து வெளியே வருகிற இடத்தில் பைப் பல நூறு டிகிரிக்குப் போகும், எஞ்சின் எனாமலோ 260, 290 டிகிரியோடு முடிந்துவிடும். சிலிக்கன் பெயின்ட் தனியாக வாங்குங்கள். துருவை வெள்ளி மாதிரி வரும் வரை தேய்த்து, பிரைமர் இல்லாமல் மெல்லியதாக அடித்து, டின்னில் உள்ளபடி படிப்படியாகச் சூடேற்றி ஆற்றுங்கள். பைப்புக்கு எஞ்சினே போதும், வேறு எதுவும் வேண்டாம். முதல் சூடு வரை விரல் படாமல் பூட்டுவதுதான் கஷ்டம். குரோம் போட்ட பகுதியில் எந்தப் பெயின்டும் நிற்காது, அதை விட்டுவிடுங்கள்.

இறுகியதா என்று பார்க்க, நன்றாக ஆறிய பிறகு கவரின் உள்விளிம்பு மாதிரி மறைவான ஓர் இடத்தில் பெட்ரோல் நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வராவிட்டால் வேலை முடிந்தது. வந்தால் மறுபடி பெரலுக்குள் வையுங்கள். பெயின்ட் கெட்டுவிடவில்லை, சூடுதான் குறைவு. பூட்டுவதற்கு முன்னால் கேஸ்கட் உட்காருகிற முகங்களிலும் போல்ட் தலை அழுந்துகிற இடங்களிலும் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சூட்டில் அது நசுங்கி போல்ட் தளரும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் போல்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.